பேசினால் கேட்காத தெரு

சென்னையில் நான் கலந்துகொண்ட கூட்டத்தைப் பற்றி விரிவாக எழுதினால் முதல் பத்தியிலேயே தூங்கிவிடுவீர்கள். நானே அங்கே கண்ணைத் திறந்தபடி தூங்கியவள்தான். ஏழெட்டு நாட்டுக்காரர்கள் ஒரு ஹோட்டலின் குளிரறையில் உட்கார்ந்து, எந்த அலைவரிசையில் கைப்பேசி பேசலாம், எதில் பேசக்கூடாது என்று வாதாடினோம். ஆகாயத்தை மனை பிரித்து விற்பது போலத்தான் இது. ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்கு வேலி போட்டு வைத்திருக்கிறது. ஒரு நாட்டில் கைப்பேசிக்கு விட்ட இடம் இன்னொரு நாட்டில் வேறு எதற்கோ போயிருக்கும். எல்லா வேலியையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் பிழைப்பு. ஒரு வாக்கியத்தை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். உடனே ஒருவர் கையைத் தூக்கி, "எங்கள் நாட்டைத் தவிர" என்று அடிக்குறிப்பு கேட்பார். சாப்பாட்டு மணி அடிக்கும்போது வாக்கியம் ஒரு வரி இருக்கும், அடிக்குறிப்பு ஒரு பக்கம் இருக்கும்.

நான் கிள்ளான்காரி. மலேசிய அரசாங்கத்தில் இந்த வேலிச் சண்டைக்கென்றே சம்பளம் வாங்குகிறேன். கூட்டம் முடிந்ததும் இரண்டு புடவை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்க வேண்டியவள். என் தம்பி குமரன் விடவில்லை.

குமரனின் மனைவி புவனா திருத்தணிப் பெண். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். மாதம் நிறைந்துவிட்டது. குமரன் கிள்ளானிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கிறது, அவள் எடுக்கிறாள், அப்புறம் ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம் கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே அறுந்துவிடுகிறது. "அக்கா, எடுக்கிறது அவதான்னு தெரியுது. ஆனா அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி இருக்கு. திடீர்னு வலி வந்துச்சுன்னா ஆம்புலன்சை எப்படிக் கூப்பிடுவாங்க? நீ இதுலதானே வேலை செய்யிற, போய்ப் பாரேன்" என்றான். ஆண்பிள்ளை அழுதுவிடுவான் போலிருந்தது. கூட்டத்தில் செய்து காட்டுவதற்காகக் கொண்டுவந்த, அலைவரிசையைத் திரையில் காட்டும் கைக்கருவி என் பையில் இருந்தது. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அதையும் தூக்கிக்கொண்டு மின்சார ரயில் ஏறினேன்.

ரயிலில் எதிரே இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். கிள்ளானில் எங்கள் பக்கத்து வீடு தெலுங்கு வீடு, அதனால் எனக்குப் புரியும். முதலில் மாப்பிள்ளை பார்த்த கதை. அப்புறம் வீடு பார்க்கும் கதை. "மலைக்குப் பின்னால் இருக்கிற நெசவுத் தெருவில் மட்டும் வாடகைக்குப் போகாதே" என்றாள் மூத்தவள். "ஏன், தண்ணீர் இல்லையா?" என்று இளையவள் கேட்டாள். "தண்ணீரெல்லாம் நிறைய வருகிறது. அங்கே இருப்பவர்கள் பேசினால் வெளியே கேட்காது. என் நாத்தனாருக்குப் போன் போட்டேன். எடுத்தாள். நான் கத்துகிறேன், கத்துகிறேன், பதிலே இல்லை. சுடுகாட்டுக்குப் போன் போட்ட மாதிரி இருந்தது." சொல்லிவிட்டு அவள் முறுக்கு கடித்தாள்.

ரயில் அரக்கோணத்தோடு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டேன். கேட்டதற்காக என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். எங்கள் ஊரில் ரயில் நின்றால் மன்னிப்புக் கேட்டே காதைத் துளைத்துவிடுவார்கள். பஸ்ஸில் ஏறினேன். மொட்டை அடித்துத் திரும்பும் குடும்பமும் மொட்டை அடிக்கப் போகும் குடும்பமும் சந்தித்துக்கொள்ளும் பஸ் அது. என் தோளில் சந்தனம் பூசிய ஒரு குழந்தைத் தலை சாய்ந்து தூங்கியது. இறங்கும்போது என் சட்டையும் மணத்தது.

திருத்தணியில் கால் வைத்ததும் என் போன், ஆந்திரா உங்களை வரவேற்கிறது என்று தெலுங்கில் செய்தி அனுப்பியது. நாலு எட்டு நடந்தேன். தமிழ்நாடு வரவேற்கிறது என்றது. எல்லை ஊரில் இது சகஜம். மலையடிவாரத்தில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். கிள்ளானில் இந்த வடகறிக்கு வரிசையில் நிற்பார்கள். இங்கே சர்வர் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று சொல்லிச் சொல்லி ஏறவைக்கும் படிகளில் ஏறி முருகனைப் பார்த்தேன். மேலே போன் அருமையாகக் கேட்டது. குமரனிடம் பேசினேன். பின்பக்கச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு நீளத் தெரு, தகரக் கூரைகள், தெருமுனையில் ஒரு கைப்பேசிக் கோபுரம். இவ்வளவு பக்கத்தில் கோபுரத்தை வைத்துக்கொண்டு பேச முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

ஆட்டோக்காரர் தெருவின் பேரைக் கேட்டதுமே தலையைச் சொறிந்தார். "அந்தத் தெருவாம்மா? எறக்கி உட்டுட்டு உடனே திரும்பிடுவேன். காத்துக்கினு நிக்கச் சொல்லாதீங்க."

"ஏன், பேய் இருக்கா?" என்றேன் கிண்டலாக.

"பேயி இருந்தாக் கூட பரவால்லம்மா. அங்க நின்னா ஒரு சவாரி கால் வராது. அதான் பயம்" என்றார். சிரிக்கவில்லை.

தெருவுக்குள் நுழைந்ததும் சத்தம்தான் முதலில் வந்து மோதியது. வீட்டுக்கு வீடு பின்கட்டில் விசைத்தறி. எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் அடைமழை பெய்வதுபோல் ஓயாத ஓசை. இவர்கள் எல்லாரும் அம்மையார்குப்பம் பக்கத்திலிருந்து இங்கே வந்து தறி போட்டவர்கள். என் போனைப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. குமரனை அழைத்தேன். ஒரே மணியில் எடுத்தான்.

"அக்கா? போயிட்டியா? அக்கா?" பக்கத்தில் நிற்பவன் பேசுவது போல் அவ்வளவு தெளிவு.

"வந்துட்டேன்டா. கேக்குதா?"

"அக்கா? ஹலோ? ஹலோ?"

"கேக்குதாடா? நான் இங்கதான் இருக்கேன்!" தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவன் போனைக் காதிலிருந்து எடுத்திருக்க வேண்டும். யாரிடமோ சொன்னது எட்டத்தில் கேட்டது: "அக்காவும் அப்படியே ஆயிட்டா." அப்புறம் அறுந்தது. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என்ன நடக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். கோபுரத்திலிருந்து வரும் அலை நம்மை அடைகிறது, நம்மிடமிருந்து போகும் அலையை நடுவில் ஏதோ விழுங்குகிறது. தெரிந்தும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். என்னைப் பற்றி நானில்லாத மாதிரி பேசியதை என் காதாலேயே கேட்டேன், பாருங்கள்!

புவனா வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அண்ணி, நீங்களும் கத்திப் பாத்துட்டீங்களா?" என்று சிரித்தாள். உட்கார்ந்ததும் சிரிப்புப் போய்விட்டது. "அவரு பேசறது எல்லாம் எனக்குக் கேக்குது அண்ணி. அழறது கூட கேக்குது. நான் பேசறது தான் போவல. செத்துப்போனவங்க இப்பிடித்தான் நம்மளப் பாத்துகினு இருப்பாங்களோன்னு தோணும்."

"வாயக் கழுவுடி, மாசமா இருக்கற பொண்ணு பேசற பேச்சா இது!" என்று அவள் அம்மா சமையல்கட்டிலிருந்து அதட்டினாள். முருங்கைக்கீரைப் பொரியலும் கொள்ளு ரசமும் போட்டாள். ரசத்தை மூன்று தடவை வாங்கிக்கொண்டேன். கோபுரக் கம்பெனிக்காரர்கள் வந்தார்களா என்று கேட்டேன். "வந்தாங்க கண்ணு. டவர் மேல ஏறினாங்க, எறங்கினாங்க. டவர் நல்லாதான் கீதுன்னு சொல்லிட்டுப் பூட்டாங்க. வேற கம்பெனி சிம்மு இந்த மலை மறைவுல எடுக்கவே எடுக்காது."

சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில் மின்சாரம் போனது. தெருவிலிருந்த தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதி காதை அடைத்தது. நான் "ஐயையோ" என்பதற்குள் புவனாவின் போன் அடித்தது. பக்கத்து வீட்டில் ஒன்று, எதிர் வீட்டில் ஒன்று, அதற்கடுத்த வீட்டில் ஒன்று என்று அரையிருட்டில் தெரு முழுக்கப் போன்கள் அலறின. நாள் முழுக்கத் தேங்கிக் கிடந்த செய்திகள் டிங் டிங் என்று கொட்டின. அத்தனை பேரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள், திட்டினார்கள். ஒருத்தி அரிசி விலையிலிருந்து ஆரம்பித்து மாமியார் வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"கரண்டு போனாத்தான் எங்க தெருவுக்கு வாயி தொறக்கும்" என்றாள் புவனாவின் அம்மா. "அதுக்குள்ள பேசிக்கணும். எல்லாருக்கும் பழகிடுச்சு."

புவனா குமரனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்கேங்க. அண்ணி வந்துட்டாங்க. பயப்படாதீங்க, வலி வந்தா நான்" என்றபோது மின்சாரம் வந்தது. தறிகள் உருமின. "ஹலோ? ஹலோ?" என்றாள். தெரு முழுக்க வாய்கள் பாதி வார்த்தையில் திறந்தபடி நின்றன. பிறகு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். யாரும் அலுத்துக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

ஒரே ஒரு மனிதர் மட்டும் அந்த நேரம் முழுக்கப் போனைத் தொடவில்லை. அடுத்த வீட்டு வாசலில் நின்று, தன் வீட்டு இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயசிருக்கும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. விளக்கு எரிந்ததும் ஓட்டமாகப் பின்கட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கைக்கருவியை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். கோபுரத்துக்குப் பாட்டரி இருக்கிறது. மின்சாரம் போனால் தெரு குணமாகிறது என்றால் சங்கதி ஏதோ ஒரு வீட்டுப் பிளக்கில் செருகியிருக்கிறது. திரையில், கைப்பேசிகள் கோபுரத்தோடு பேசவேண்டிய இடத்தில் ஒரு சுவர் நின்றது. அந்தச் சுவரின் உருவம் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் கம்பியில்லாக் கருவிகளுக்கு அந்த இடத்தை விட்டிருக்கிறார்கள். நம் பக்கம் அதே இடம் கைப்பேசிக்கு. அங்கே வாங்கியதை இங்கே செருகினால் தெருவின் வாயைப் பொத்திவிடும். எங்கள் கூட்டத்தில் அடிக்குறிப்பாகக் கிடந்தது இங்கே ஒரு தெருவின் குரல்வளையை நெரித்துக்கொண்டிருந்தது. நடக்க நடக்கச் சுவர் உயர்ந்தது. அந்தப் பஞ்சுத்தலை மனிதரின் வீட்டு வாசலில் திரைக்கு மேலே போய்விட்டது.

புவனாவின் அம்மா என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "முனிரத்தினம் வீடு கண்ணு. பையன் அமெரிக்காவுல கீறான். சம்சாரம் லச்சுமி பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா கெடந்தா. வாயி கொளறும், எழுந்துக்க முடியாது. போன ஐப்பசியில போய்ச் சேந்தா. அந்த ரூமப் பூட்டி வெச்சிருக்காரு. பையன் கொழந்தைங்களுக்கு வெக்கற பொட்டி ஒண்ணு அனுப்பிச்சான். அதைப் பாத்துகினேதான் இன்னமும் தறி ஓட்டறாரு. நீ போயி எதுவும் கேக்காதே."

கேட்காமல் எப்படி இருப்பது? என் தம்பி பெண்டாட்டிக்கு இன்றோ நாளையோ என்று இருக்கிறது. போனேன்.

தறிக்கூடத்தில் நான் வணக்கம் சொன்னது எனக்கே கேட்கவில்லை. முனிரத்தினம் என் வாயைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தறிக்காரர்களுக்கு உதட்டைப் படிக்கத் தெரியும். அந்தச் சத்தத்தில் வேறு வழியில்லை. தறிக்கு எதிரே அலமாரித் தட்டில், நம் மின்சாரத்தை அமெரிக்க அளவுக்கு இறக்கிக் கொடுக்கும் கனத்த இரும்புப் பெட்டி இருந்தது. அதன் தலைமேல் வெள்ளையாக ஒரு சின்னக் கருவி. குழந்தை தூங்கும் அறையில் ஒன்றை வைத்துவிட்டு, தாய் தன்னோடு இன்னொன்றை வைத்துக்கொள்வாளே, அந்த ஜோடியில் தாய்க்குரியது. முகப்பில் வரிசையாக ஐந்து விளக்குகள். தறி அதிர்வில் முதல் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

அவர் தறியை நிறுத்தினார். விளக்குகள் அணைந்தன.

"இந்தச் சத்தத்துல அவ கூப்பிட்டா எனக்கு எப்பிடிம்மா கேக்கும்?" என்றார். "காதுக்கு வேல இல்ல. கண்ணுக்குத்தான் வேல. தறிக்கு ரெண்டு லைட்டு. அவ கூப்பிட்டா அஞ்சு. அஞ்சு வந்தா ஓடுவேன். தண்ணியா இருக்கும், பொரள வெக்கணுமா இருக்கும். நாலு வருசம் இதான் என் காது."

"இப்போ?"

"இப்பவும் வரும்."

"என்ன வரும்?"

"அஞ்சு லைட்டு."

பூனையாக இருக்கும், பல்லியாக இருக்கும், பக்கத்து வீட்டுக் குக்கராக இருக்கும் என்றேன். படபடவென்று சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"இருக்கும்மா" என்றார் சாந்தமாக. "நானும் அப்பிடித்தான் சொல்லிக்கினு இருக்கேன். ஆனா ஓடிப்போயி அந்தக் கதவுகிட்ட நிக்காம இருக்க முடியல."

அவர் சொல்லி முடிக்கவில்லை. முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது. மூன்று, நான்கு, ஐந்து. கூடத்தில் தறி ஓடவில்லை. அக்கம்பக்கத்துத் தறி ஓசைக்கு ஒரு விளக்குக்கூட எரியவில்லையே, சற்று முன்புவரை இருட்டாகத்தானே இருந்தது! ஐந்தும் சிவப்பாக நின்றன, ஒருவர் ஒரு பேரைச் சொல்லி அழைக்கும் நேரம். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின.

கருவியின் பக்கவாட்டில் ஒலியைக் கூட்டும் குமிழ் இருந்தது. அடியோடு குறைத்து வைத்திருந்தார். அதைத் திருப்பினால் அது என்ன சத்தம் என்று தெரிந்துவிடும். கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேணாம்மா. கேட்டுட்டா பூனையா அவளான்னு தெரிஞ்சுபூடும்."

கையை எடுத்துக்கொண்டேன். ஆனால் வந்த காரியத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? இந்தப் பெட்டியால்தான் தெரு ஊமையாகிக் கிடக்கிறது, இதை இந்த நாட்டில் வைத்திருப்பதே சட்டப்படி தப்பு என்றேன். அவர் நம்பவில்லை.

"என் பையன் திருடியாம்மா அனுப்பிச்சான்? கடையில பில்லு போட்டு வாங்கினது."

"அமெரிக்காவுல சரி ஐயா. இங்கதான் தப்பு."

"காத்து ஒண்ணுதானே?"

"காத்து ஒண்ணுதான். நாங்க பிரிச்சு வெச்சிருக்கோம்."

"எல்லாத்தையும் ஒண்ணா ஆக்கறது தான் உங்க வேலைன்னு புவனா சொல்லிச்சே?"

"ஆமாம்."

"ஆக்கிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"ஆக்கிட்டு வாங்க. அப்பால நிறுத்தறேன்" என்றார். இந்தக் கேள்வியை அந்தக் குளிரறையில் ஒருத்தர் கேட்டிருந்தால் நாங்கள் அத்தனை பேரும் காபி இடைவேளைக்கு எழுந்திருப்போம். இந்த நாட்டுத் தரத்தில் அதே மாதிரி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று மன்றாடிப் பார்த்தேன். "அது வேற பொட்டி. அவளுக்கு இதுதான் பழக்கம்" என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "புவனா வலி எடுத்துக் கத்தினா ஒருத்தருக்கும் கேக்காது. அந்தப் பாவம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் தறியை ஓட விட்டார். அதற்கு மேல் என் வாய் அசைவதைப் பார்க்கவும் அவர் திரும்பவில்லை.

அதற்கடுத்த நாள் புவனாவுக்கு வலி வந்தது. காலைப் பலகாரம் இலையில் இருக்கும்போதே "அம்மா!" என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பா புடவைக் கட்டை எடுத்துக்கொண்டு கனகம்மாசத்திரம் போயிருந்தார். "நைனாவக் கூப்புடும்மா, நைனாவக் கூப்புடு" என்று அழுதாள். அவள் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நூற்றெட்டு எடுத்தது. அந்தப் பக்கத்துப் பெண் தெளிவாகக் கேட்டாள்: "சொல்லுங்க, எந்த ஊர், என்ன பிரச்சனை?" இந்த அம்மாள் தெருவின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். "கேக்குதா? அம்மா, கேக்குதா? கேக்குதா?" அந்தப் பெண் பொறுமையாக ஹலோ ஹலோ என்றாள். பிறகு வைத்துவிட்டாள். நான் தெருமுனைக்கும் அதைத் தாண்டியும் செருப்பில்லாமல் ஓடினேன். பெரிய ரோட்டில் ஓர் ஆட்டோவை மறித்துக் கூட்டிவந்தேன். பெற்றவளைப் போலப் பதறினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சூட்டுவலிதான், இன்னும் நேரம் இருக்கிறது, வீட்டுக்குப் போய்க் காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்! அந்தத் தெருவுக்கு!

வாசலில் முனிரத்தினம் நின்றிருந்தார். கையில் சாவி இருந்தது. புவனாவை மேலும் கீழும் பார்த்து அவள் நன்றாக இருக்கிறாள் என்று நிச்சயம் செய்துகொண்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"கூடத்து ஜன்னல் வழியா பாத்தேம்மா. இந்தம்மா வாயப் பாத்தேன். கேக்குதா கேக்குதான்னு கேட்டுகினே கீது. சத்தம் கேக்கல, வாய் மட்டும் தெரிஞ்சுது." சாவியைக் கைமாற்றிக்கொண்டார். "நிறுத்திடலாம் வாம்மா. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்க."

அவருக்கு வேண்டியது இதுதான். அந்தக் கருவியில் பேச்சு ஒரே பக்கம்தான் போகும், அறையிலிருந்து கூடத்துக்கு. லச்சுமி கூப்பிட்டது எல்லாம் இவருக்கு வந்தது. இவர் தறியடியிலிருந்து கத்திய பதில் ஒன்றுகூட அவளுக்குப் போனதில்லை. "ஒரு தபா மாத்தி வெக்கலாமா? அது இங்க, இது அங்க. ஒரு தபா அவ கேக்கட்டும்."

பூட்டைத் திறந்தார். நான் அறையில் எல்லா மூலையையும் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியுமா? ஜன்னலுக்கு வெளியிலிருந்து பலகை அடித்திருந்தது. ஒரு பூனை நுழைய வழியில்லை. கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தது. தலைமாட்டில் ஜோடியின் மற்றொன்று, குரலை அனுப்பும் கருவி, பச்சை விளக்கோடு இருந்தது. அவர் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த விளக்குக் கருவியை என் கையில் கொடுத்தார். அதற்குள்ளே பாட்டரி இருந்தது. அதைக் கட்டிலில் அவள் தலை இருந்திருக்கும் இடத்தில் வைத்தேன். குமிழை முழுக்கத் திருப்பினேன். இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

கூடத்தில் அவர் கருவியைச் செருகியது விளக்கில் தெரிந்தது. பிறகு தறியை ஓட விட்டார். அறை முழுக்கத் தறி ஓசை நிறைந்தது. இரண்டு விளக்குகள். தறியை ஏன் ஓட விடுகிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர் எப்போதும் அதற்குள்ளிருந்துதான் கத்தியிருக்கிறார்.

ஐந்து விளக்குகளும் எரிந்தன.

"லச்சுமி! வந்துகினே இருக்கேன்!"

காலிக் கட்டிலிலிருந்து அந்தக் குரல் வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"ஆங், வந்துகினே இருக்கேன்டி! இதோ வந்துட்டேன்!"

தறி நின்றது. விளக்குகள் இறங்கின. சற்று நேரம் அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு கருவியைப் பிடுங்கிவிட்டார். கூடத்துக்கும் அறைக்கும் இருந்த இணைப்பு அறுந்தது. இணைப்பு அறுந்தால் இந்த மாதிரிக் கருவிகள் தாயை எச்சரிக்கக் கத்தும். தெரிந்த விஷயம்தான், ஆனால் நான் மறந்திருந்தேன். கட்டிலின் தலைமாட்டில் அது திடீரென்று கீச்சுக் குரலில் விட்டு விட்டுக் கூப்பிட ஆரம்பித்தது.

முற்றத்தில் காலடிச் சத்தம். அவர் ஓடி வந்தார். தானே பிடுங்கியவர், தெரிந்தே பிடுங்கியவர், வேட்டி தடுக்க ஓடி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அது கருவியின் சத்தம்தான் ஐயா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல மனம் வரவில்லை. "அணைச்சிடட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"இரும்மா" என்று கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "பாட்டரி தீர்ற வரிக்கும் கூப்புடட்டும். நான் இங்கதானே கீறேன்."

வெளியே போன்கள் அடிக்கத் தொடங்கின. ஒன்று, இரண்டு, அப்புறம் தெரு முழுக்க. தறிகள் நிற்கவில்லை, விளக்குகள் அணையவில்லை. ஜனங்கள் நம்ப முடியாமல் வாசலுக்கு வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் புவனாவின் குரல் உரக்கக் கேட்டது. "கேக்குதுங்க, நல்லா கேக்குது. நான் பேசறது கேக்குதா? என்னாங்க, அழாதீங்க. கேக்குதுல்ல?"

முனிரத்தினம் தலையை நிமிர்த்தினார். "அவனுக்குக் கேக்குதாம்மா?"

"கேக்குது ஐயா" என்றேன். கட்டிலில் அது இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது.